ஒன்றேகால் மணிக்குத் திறக்கும் ஜன்னல்

ஜன்னல்காரி முதன்முதலில் ஓர் ஆளை அடித்தது ஒன்பது வயதில். அடித்தது பெற்ற அப்பனை. அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்த அந்த மனிதனின் கணுக்காலில் விறகுக்கட்டையால் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் திரும்பினான். அதற்கப்புறம் விழுந்த அடியையெல்லாம் வாங்கியது அவள் இல்லை, குறுக்கே வந்து நின்ற அண்ணன். அவனுக்குப் பதினான்கு வயது. முன்பல் இரண்டு அன்றைக்கே போய்விட்டன. இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்களே, அதை முதலில் சொன்னவன் யாரென்று தெரிந்தால் அவன் வாசலில் போய் நின்று, எங்கே, எப்போது, ஒரு சாட்சியைக் காட்டு என்று கேட்பேன்.

நான் அந்தப் பழைய வீட்டில் டிக்கெட் கொடுக்கிறவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. வீட்டைக் கட்டியவர் பெரிய வியாபாரி. வம்சம் அற்றுப்போய், வீடு ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்துவிட்டது. மூன்று மாடி, பதினெட்டு அறைகள், முப்பத்தொரு ஓவியங்கள். அண்ணன் அங்கே காவலர். தங்கையையும் அவர்தான் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்தார். ஓவியங்களைத் தூசி தட்டுவதும் ஜன்னல்களைத் திறந்து மூடுவதும் அவள் வேலை. அவளுக்கு ஜன்னல்காரி என்றும் அவருக்குப் பூட்டு என்றும் பெயர் வைத்தது நான்தான். பூட்டு என்று வைத்ததற்குக் காரணம் அவர் வாய்.

அந்த வீட்டில் வெளிச்சத்துக்கும் அளவுச் சாப்பாடுதான். வெயில் பட்டால் வர்ணம் வெளுத்துவிடும் என்று எல்லா ஜன்னல்களும் மரக்கதவு சாத்தி, குறுக்கே இரும்புக் கம்பி போட்டே இருக்கும். ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் திறப்பார்கள். கிழக்கு அறைக்கு மதியம் ஒன்றேகாலிலிருந்து ஒன்று முப்பத்தைந்து. அந்த நேரத்தில் வெயில் அந்தப் பக்கத்தை விட்டுப் போயிருக்கும், வெளிச்சம் மட்டும் மிச்சமிருக்கும். ஜன்னல்காரி கம்பியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட இருபது நிமிடம் இருபத்தொன்று ஆனதில்லை.

ஆனால் அண்ணனும் தங்கையும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கதையும் அடியில்தான் தொடங்கியது. அவளைக் கட்டியவன் அவளை அடிப்பான். விலா எலும்பு ஒடிந்து அவள் வேலைக்கு வந்த அன்று பூட்டு எதுவும் கேட்கவில்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போனார், அவனைத் தெருவுக்கு இழுத்தார், வலது கையை முழங்காலில் வைத்து ஒடித்தார். மறுநாள் ஜன்னல்காரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அண்ணன் மேல் புகார் எழுதிக் கொடுத்தாள். ஏண்டி பாவி என்று நான் கேட்டதற்கு, "அவன் கை ஒடிஞ்சா வீட்டுக்கு யாரு அக்கா சம்பாதிக்கிறது? அதுவும் இல்லாம, என் சண்டைய நானே போட்டுக்குவேன். எப்பப் பாத்தாலும் குறுக்க வந்து நிக்கறதே அவருக்குப் பொழப்பாப் போச்சு" என்றாள். பூட்டு இரண்டு மாதம் ஜெயிலில் இருந்தார். கை சேர்ந்ததும் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அப்போதிருந்த மேலாளர் தங்கமான மனிதர், பூட்டை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான்தான் இரண்டு பேருக்கும் தபால்காரி. பூட்டு ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு பின்கட்டுக்குப் போவார். ஒன்று முப்பத்தைந்துக்குக் கைகழுவிவிட்டு வந்து, மேலே கேட்கிற மாதிரியே என்னிடம் சொல்வார்: "அக்கா, மேல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, ஜன்னல மூட நேரமாச்சு."

மேலேயிருந்து பதில் வரும்: "அக்கா, கீழ இருக்கிறவர்கிட்ட சொல்லுங்க, எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும்."

நடுவில் நான் வாயைத் திறக்கவே தேவையிருக்காது. ஆனாலும் தினமும் என் பெயரில்தான் தபால் போகும்.

போன வருடம் புது மேலாளர் டேப்லெட்டுகளை வாங்கினார். மற்ற இடங்களில் ஓவியத்துக்குப் பக்கத்தில் விவரச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது கூடாது. வீடு என்றால் வீடு மாதிரி இருக்க வேண்டுமாம், சீட்டு ஒட்டினால் கடையாகிவிடுமாம். சுவரில் புதிதாக ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. அதனால் டிக்கெட்டோடு ஒரு டேப்லெட் கொடுப்போம். ஓவியத்தின் எண்ணைத் தொட்டால் விவரம் ஒலிக்கும். விவரம் எழுதியவர் ஒரு பேராசிரியர். மூன்றாவது ஓவியத்துக்குள் எல்லோருக்கும் கொட்டாவி வந்துவிடும்.

திரையின் அடியில் ஒரு பெட்டி இருந்தது, 'கேள்வி கேளுங்கள்' என்று. போன் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் திறந்தால் வீட்டிலிருந்தும் கேட்கலாம். யார் பதில் எழுதுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. மேலாளர் ஜன்னல்காரியைப் பார்த்து, "தினமும் தொட்டுத் துடைக்கிறது நீதானே, நீயே ஏதாவது எழுதிவிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்தொன்பது வருடம் பார்வையாளர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்த பெண்ணிடம் இதைச் சொன்னார்கள். மடை உடைந்த மாதிரிதான்.

நான்காம் எண் சீமாட்டிக்கு ஏன் கன்னம் வீங்கியிருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். ஜன்னல்காரி எழுதினாள்: 'அந்தக் கன்னத்தை ஓவியர் இரண்டு தடவை திருத்தியிருக்கிறார். பக்கவாட்டில் விளக்குப் பிடித்தால் தெரியும். ஒன்று பல்வலியாக இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் அறைந்திருப்பார். எனக்கு இரண்டு வீக்கமும் தெரியும், இது இரண்டாவது.' பேராசிரியர் கொதித்துப்போனார். ஜனங்களோ அந்தப் பதில்களைப் படிக்கவென்றே வர ஆரம்பித்தார்கள். கடைசியில் மேலாளரே அவளைப் பேசவைத்து, முப்பத்தொரு எண்ணுக்கும் அவள் குரலையே பதியச் சொன்னார். எப்படிப் பதிவது, எப்படி அழிப்பது எல்லாம் அவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

பதினேழாம் எண் கிழக்கு அறையில் இருந்தது. இரண்டு சாண் அகலம்தான் இருக்கும். ஒரு காட்டுப்பன்றியை இரண்டு நாய்கள் கடித்துக் கிழிக்கிற படம். வீட்டிலேயே விலை அதிகமானது அதுதான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு உயிர். 'ஓவிய மாணவன்' என்ற பெயரில் ஒருவன் அதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தான். முதலில் வர்ணம், அப்புறம் சட்டம், அப்புறம் வெளிச்சம். மூன்று வாரத்தில் ஆறு கேள்வி. ஆறுக்கும் பதில் போட்டாள்.

'பன்றியின் கழுத்தில் உள்ள ரத்தம் ஒற்றை மயிர்த் தூரிகையால் போட்டது. ஜன்னல் திறந்தால்தான் தெரியும். ஒன்றேகாலுக்கு வாருங்கள். அப்போது கூட்டம் இருக்காது. காவலர் சாப்பிடப் போயிருப்பார், அறையில் நான் மட்டும்தான். நிம்மதியாகப் பார்க்கலாம்.' இன்னொன்று: 'உங்கள் வீட்டுப் படம் விழுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எங்களுடையதும் வெறும் இரண்டு கொக்கியில்தான் தொங்குகிறது. சுவரில் துளை போடக் கூடாது என்பதால் வேறு கம்பியோ அலார மணியோ கிடையாது. அடியில் பிடித்து நேராக மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும்.'

நுணலும் தன் வாயால் கெடும். நானும்தான் அதைப் படித்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

ஒரு புதன்கிழமை ஒன்றேகாலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல சட்டை, பணிவான பேச்சு. டிக்கெட்டைக் கிழித்து டேப்லெட்டையும் கையில் கொடுத்து, படி ஏறி வலது பக்கம் என்று வழி சொன்னவள் நான்தான். ஐந்து நிமிடம் கழித்து மேலே ஏதோ உடைகிற சத்தம். அப்புறம் ஜன்னல்காரியின் அலறல்.

நான் மூச்சு வாங்கப் படியேறிப் போனபோது அவள் தரையில் கிடந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். ஆனால் ஓவியச் சட்டத்தின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒருவன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். மற்றவன் அவள் விரல்களை ஷூ காலால் ஒவ்வொன்றாக மிதித்தான். விரல் ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் விடவில்லை. "அண்ணா!" என்று கத்தினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, என் வழியாக இல்லாமல்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பூட்டு சோற்றுக் கையோடு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். விரலை மிதித்தவனின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அறைந்தார். ஒருமுறை, இரண்டுமுறை, சுவரின் காரை உதிர்ந்தது. அந்த இரண்டே அடி நேரம் மற்றவனுக்குப் போதும். ஜன்னல்காரி கழற்றிச் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கம்பி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எடுத்தான். பூட்டு திரும்பினார். கம்பி அவர் இடது கண்ணில் விழுந்தது.

அவர் விழுந்த பிறகும் மூன்று அடி அடித்தான். நான் நின்று பார்த்தேன். கத்தினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அந்தப் படத்தில் பன்றியின் ரத்தம் ஒரு மயிரளவுதான் இருக்கும். பூட்டின் ரத்தம் கிழக்கு அறையின் மரத்தரையில் பலகைச் சந்து சந்தாக ஓடியது. அவர்கள் படத்தோடு இறங்கிப் போனார்கள். ஜன்னல்காரி ஒடிந்த விரல்களோடு அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலை மூடணும், ஜன்னலை மூடணும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூட்டு பிழைத்தார். இடது கண் போய்விட்டது, தாடையும் ஒடிந்திருந்ததால் பேச முடியவில்லை. அது இன்ஸ்பெக்டருக்கு வசதியாகப் போனது. காவலர் எப்போது இருக்க மாட்டார், அலாரம் இல்லை, இரண்டு கொக்கிதான், இவ்வளவும் வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பழைய காகிதத்தைத் தேடிப் பார்த்ததில் அடிதடி வழக்கு ஒன்று கிடைத்தது. புகார் கொடுத்தது சொந்தத் தங்கை. "வேலியே பயிரை மேஞ்சிருக்கு. பங்கு பிரிக்கிறதுல தகராறு வந்து அடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்காங்க" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேச்சு வந்ததும் கைது என்றார்கள்.

கேள்விப் பெட்டியை யாரும் பார்க்கவில்லை. படம் போன அன்றே மேலாளர் வெட்கப்பட்டுக்கொண்டு பதினேழாம் எண்ணை டேப்லெட்டிலிருந்து மறைத்துவிட்டார். உள்ளே போய்ப் பார்க்கிற கடவுச்சொல் அவரிடமும் ஜன்னல்காரியிடமும் மட்டும்தான் இருந்தது. அவள் கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்து அந்த ஆறு பதிலையும் காட்டினாள்.

"ரெண்டு தடவை தொட்டா அழிஞ்சிடும்கா" என்றாள்.

"அப்ப தொடு. அழிச்சிட்டு வாய மூடிக்கிட்டு இரு. இல்லன்னா உன்னையும் பிடிச்சிட்டுப் போவாங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவள் மேல் உள்ள பாசத்தில் சொன்னேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில் பயம். டேப்லெட்டைக் கையில் கொடுத்தவள் நானல்லவா.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராக மேலாளர் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தும் அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. "எங்க ஆளே எழுதிக் குடுத்தான்னு வெளிய தெரிஞ்சா அறக்கட்டளை மானம் என்னாகும்? உங்க அண்ணன் மேல சாட்சி கிடையாது, தானா வெளிய வந்துடுவாரு. நாளைக்குக் காலைல நானே அதையெல்லாம் அழிச்சிடறேன். நீ எதுவும் பேசக் கூடாது."

தானாக வெளியே வருவாராம். இரண்டு மாதம் ஜெயிலில் இருந்தவரைப் பற்றி, ஒரு நாள் பட்டினிகூட இருந்து பார்க்காத மனிதர் சொல்கிறார்.

அன்று மாலை மூடும் நேரத்துக்கு ஜன்னல்காரி கிழக்கு அறையில் ஒரு மணி நேரம் தனியாக இருந்தாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல டேப்லெட்டுகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, முதல் எண்ணைத் தொட்டேன். அவள் குரல் வந்தது.

"நான் இந்த வீட்டுல ஜன்னல் திறக்கிறவ. பதினேழாம் எண் படத்த எடுத்துட்டுப் போனவன் என்கிட்டதான் கேட்டான், நான்தான் சொன்னேன். எத்தனை மணிக்கு வரணும், காவலர் எப்ப இருக்க மாட்டாரு, கொக்கியில இருந்து எப்படித் தூக்கணும், எல்லாம் நான் சொன்னது. கெட்ட எண்ணத்துல சொல்லல. ஒருத்தர் கேட்டாங்களேங்கிற சந்தோஷத்துல சொன்னேன். காவலர் என் அண்ணன். அவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் என்கூடப் பேசியே பதினோரு வருஷம் ஆச்சு. அவர் மேல இருக்கிற பழைய கேஸும் நான் குடுத்ததுதான். என்னை அடிச்சவன அடிச்சதுக்காகக் குடுத்தேன். இந்தத் தடவையும் எனக்காகத்தான் ஓடி வந்தாரு. கண்ணு போயிடுச்சு. அவர விட்டுடுங்க."

இரண்டாம் எண்ணைத் தொட்டேன். அதே குரல், அதே பேச்சு. மூன்று, நான்கு, பத்து, இருபது, முப்பத்தொன்று. மறைத்து வைத்த பதினேழையும் திறந்துவிட்டிருந்தாள், ஆறு கேள்வியும் ஆறு பதிலும் அப்படியே இருந்தன.

மேலாளர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டேப்லெட்டுகள் ரிப்பேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கதவைத் திறந்தேன். வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒன்றைக் கொடுத்தேன். வேண்டாம் என்றவர் கையிலும் திணித்தேன். இருந்த பன்னிரண்டு டேப்லெட்டும் தீர்ந்ததும் மூன்று பேருக்கு ஒன்று என்று சேர்ந்து கேட்கச் சொன்னேன். அந்த வீட்டில் எந்த அறையில் நின்றாலும் அவள் குரல்தான். ஒருவர் அதைத் தன் போனில் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினார். மத்தியானத்துக்குள் இன்ஸ்பெக்டர் போனிலும் அது வந்துவிட்டது. மேலாளர் என்னை என்னவெல்லாமோ திட்டினார். நானும் திருப்பிக் கொடுத்தேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஜன்னல்காரியை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் குடைந்தார்கள். அந்த ஓவிய மாணவன் கணக்குத் திறந்த போன் எண்ணைப் பிடித்துப் போய் இரண்டு பேரையும் அமுக்கினார்கள். படம் கிடைத்தது, வழக்கு முடிகிறவரை கோர்ட்டில் இருக்குமாம். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் நாற்காலியை மடித்துக்கொண்டு போனார். அறக்கட்டளை மட்டும் ஜன்னல்காரிக்கு மாதக் கடைசி வரைதான் வேலை என்று கடிதம் கொடுத்தது. அவள் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய் வராந்தாவோடு திரும்பி வந்தாள். உள்ளே போகிற தைரியம் அவளுக்கு வரவில்லை.

மாதத்தின் கடைசி நாள் மதியம் பூட்டு வந்தார். இடது கண்ணில் கட்டு, தாடை ஒருவழியாகச் சேர்ந்திருந்தது. வாசல்படியில் காலை வைக்க இரண்டு தடவை துழாவினார். "ஒரு டேப்லெட் குடுங்கக்கா" என்றார். அதற்குள் அந்தப் பேச்சையெல்லாம் அழித்துவிட்டார்கள். ஆனால் என் போனில் நான் பிடித்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். அவர் மேலே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கிழக்கு அறையில் ஜன்னல் திறந்திருந்தது. அவள் வெறும் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொக்கிகள் இரண்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணனைப் பார்த்ததும் கையிலிருந்த துணி விழுந்தது. பூட்டு அவள் எதிரிலேயே நின்று, போனைக் காதில் வைத்து முழுக்கக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து கேட்டார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். திரும்பிய வேகத்தில் கையை ஓங்கி அவளை அறைந்தார்.

அறை விழவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. கை அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வெறும் காற்றில் போய், சுவர்க் கொக்கியில் மோதிக் கிழிந்தது. உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கை தன்னை ஏமாற்றியதை அவரால் நம்ப முடியவில்லை.

ஜன்னல்காரி அழவில்லை. அதுவரை மூடியிருந்த கண்ணைத் திறந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள், அந்தக் கட்டைப் பார்த்தாள். பிறகு ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்தாள், அவர் மூச்சு மேலே படுகிற அளவுக்கு.

"கிட்ட வந்துட்டேன் அண்ணா. இப்ப எட்டும். அடி."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பூட்டின் கை மறுபடி உயர்ந்தது. அங்கேயே நின்றது. பிறகு ஒன்றும் செய்யாமல் இறங்கியது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போனார். போலீஸ் எடுத்துக்கொண்டு போன கம்பிக்குப் பதிலாக இப்போது ஒரு மரச்சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பிடிக்கக் கை நீட்டினார், தவறியது. இன்னொரு தடவை நீட்டினார், பிடித்துவிட்டார்.

"மணி ஒண்ணே முக்கால் ஆகப் போகுது. ஜன்னல இன்னும் மூடலையா நீ?" என்றார்.

பக்கத்தில் நான் இருந்தேன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.